இரண்டாவது கலவை

செலியமேட்டில் தனக்கொடி என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். யாராவது வந்து விசாரித்தால், “எந்தத் தனக்கொடி, கியூப் போடுதே அதுவா?” என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தத் தனக்கொடியின் கதைதான் இது.

கியூப் என்பது ஒரு சாண் அகலம்கூட இல்லாத சதுரக் கான்கிரீட் கட்டி. பாலமோ பள்ளிக்கூடமோ, சர்க்கார் வேலை எதுவானாலும், கான்கிரீட் கொட்டுகிற அன்று அதே கலவையில் கொஞ்சம் எடுத்து இரும்பு அச்சில் வார்த்து வைக்க வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றித் தொட்டித் தண்ணீரில் போட்டுவிடுவார்கள். இருபத்தெட்டு நாள் ஊறிய பிறகு கட்டி பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். அங்கே மிஷினில் வைத்து நசுக்கி, எத்தனை பாரத்துக்கு உடைகிறது என்று பார்த்து எழுதுவார்கள். பாலத்தை நசுக்கிப் பார்க்க முடியாது, அதனால் பாலத்துக்குப் பதிலாக இந்தக் கட்டி உடைபடுகிறது. அது எவ்வளவு பலமோ, பாலத்துக் கான்கிரீட்டும் அவ்வளவு பலம் என்று கணக்கு.

தனக்கொடி பூரணாங்குப்பத்தில் பிறந்தவள். பத்தொன்பது வயதில் இருசப்பனைக் கட்டிக்கொண்டு செலியமேட்டுக்கு வந்தாள். நாற்று நடவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவள், நடவு மிஷின் வந்து வேலை குறைந்ததும் மற்றப் பெண்களோடு வேனில் ஏறிக் கட்டட வேலைக்குப் போகத் தொடங்கினாள். பதினைந்து வருஷம் பாண்டு சட்டியில் ஜல்லியும் கலவையும் சுமந்தாள். சுப்புராயன் என்ற கான்ட்ராக்டரிடம்தான் பெரும்பாலும் வேலை. பாகூர் பக்கத்தில் வாய்க்கால் சுவர், சிறு பாலம், பள்ளிக்கூட மதில் என்று வருஷம் முழுக்க அவர் கையில் ஏதாவது ஒன்று இருக்கும். செலியமேட்டிலிருந்து மட்டும் இருபது பெண்கள் அவருடைய வேனில் போய் வந்தார்கள்.

ஒரு சமயம் கியூப் போடுகிற ஆள் வராமல் போனான். சைட் சூப்பர்வைசர் பாக்யராஜ் யாரை விடலாம் என்று சுற்றிப் பார்த்தபோது தனக்கொடி தானாக முன்னால் வந்து, “நான் போடறேன் தம்பி, பாத்துகினுதான இருக்கேன்” என்றாள். போட்டும் காட்டினாள். அச்சுக்கு உள்ளே எண்ணெய் தடவுவது, மூன்று அடுக்காகக் கலவையை நிரப்புவது, ஒவ்வொரு அடுக்குக்கும் இரும்புக் கம்பியால் முப்பத்தைந்து குத்து குத்துவது, மேலே கரண்டியால் சமன் செய்வது, ஈரம் உலர்வதற்குள் ஆணியால் தேதி கீறுவது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்து அழகாக இருக்கும். அன்றிலிருந்து அந்த வேலை அவளுடையதாயிற்று. கூலியில் ஐம்பது ரூபாய் ஏறியது. அதைவிட, ஒரு சுமையைத் தூக்கி இன்னொரு இடத்தில் வைப்பதல்லாமல் தன் கைக்கென்று ஒரு வேலை இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. மறுநாள் காலை அச்சைக் கழற்றும்போது மூலைகள் எல்லாம் கத்தி மாதிரி நின்றால் அன்று முழுக்க நல்ல மனநிலையில் இருப்பாள்.

2022ஆம் வருஷம் மார்ச் மாதம், ஊருக்குத் தெற்கே பெரிய வாய்க்காலின் மேல் ஒரு பாலம் கட்டினார்கள். கரும்பு டிராக்டர்கள் போக வேண்டிய பாலம். பன்னிரண்டாம் தேதி மேல்தளத்துக்கு முதல் பகுதி கான்கிரீட். மிஷினிலிருந்து கலவை விழும்போதே தனக்கொடிக்கு அதன் நிறம் சரியாகப் படவில்லை. சாம்பல் பச்சையாக இருக்க வேண்டியது, சிமெண்ட் குறைந்து மணல் நிறத்தில் இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மூன்று அச்சில் நிரப்பி, தேதி கீறி வைத்தாள். மறுநாள் கழற்றியபோது மூலைகள் கையோடு உதிர்ந்தன. பக்கவாட்டில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை.

பாக்யராஜை அழைத்துக் காட்டினாள். அவன் சற்று நேரம் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் யாரிடமோ போனில் பேசினான். திரும்பி வந்து, ஷெட்டுக்குப் பின்னால் தகரத்தைப் போட்டுத் தனியாக ஒரு கலவை போடச் சொன்னான். ஒரு மூட்டை சிமெண்ட் போட வேண்டிய இடத்தில் இரண்டு மூட்டை. “இதுலருந்து எடுத்துப் போடுக்கா. நேத்து தேதியே போடு” என்றான்.

“அப்ப பாலம் இன்னா தம்பி ஆவும்?” என்று கேட்டாள் தனக்கொடி.

டிசைனிலேயே தேவைக்கு மேல் பலம் வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள், ஒன்றும் ஆகாது என்றான் அவன். டிப்ளமோ படித்தவன் சொல்கிறான் என்று அவள் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். முழுக்கச் சமாதானம் ஆகவில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனாலும் அந்த இரண்டாவது கலவையில் மூன்று கட்டி வார்த்தாள், முந்தின நாள் தேதியைக் கீறினாள், ரிஜிஸ்டரில் ‘வார்த்தவர்’ என்ற கட்டத்தில் ‘தனக்கொடி’ என்று கையெழுத்துப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பாலம் முடிகிற வரை ஒவ்வொரு முறையும் மிஷினில் ஒரு கலவை, ஷெட்டுக்குப் பின்னால் ஒரு கலவை. கியூப் எல்லாம் பின்னால் இருந்த கலவையில்தான். பரிசோதனைக் கூடத்திலிருந்து வந்த முடிவுகள் தேவைக்கு மேலேயே இருந்தன.

உதிர்ந்த மூன்று கட்டிகளையும் வாய்க்காலில் எறிந்துவிடச் சொன்னான் பாக்யராஜ். வீட்டில் தண்ணீர் டிரம்மைத் தரையிலிருந்து உயர்த்தி வைக்க ஏதாவது கிடைத்தால் தேவலை என்று இருந்ததால், தனக்கொடி அவற்றைச் சாக்கில் கட்டி வேனில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போனாள். அதில் வேறு நோக்கம் எதுவும் அவளுக்கு இருக்கவில்லை.

பாலம் முடிந்தது. வேலை திருப்தியாக முடிந்தது என்று, பாலத்தைக் கட்டச் சொன்ன சர்க்கார் துறை சான்று கொடுத்தது, கடைசி பில் போயிற்று. ஒரு வருஷத்துக்குள் குறை ஏதும் தெரிந்தால் கான்ட்ராக்டரே சரிசெய்ய வேண்டும் என்று ஒரு கெடு. அதுவும் கடந்து, அதற்காகப் பிடித்து வைத்திருந்த டெபாசிட் பணமும் அவருக்குத் திரும்பிப் போனது.

2024 டிசம்பரில் பெண்ணையாற்றில் வெள்ளம் வந்து பாகூர்ப் பக்கம் வயலெல்லாம் கடலாகக் கிடந்தது. தண்ணீர் வடிந்து பத்து நாள் கழித்து, கரும்பு ஏற்றிய ஒரு டிராக்டர் பாலத்தின் நடுவில் வந்தபோது பின்சக்கரம் தளத்துக்குள் இறங்கிவிட்டது. டிரைவர் குதித்துத் தப்பினார். தளத்தின் அடியில் கம்பிகள் வெளியே தெரிந்தன, ஒரு பக்கம் நான்கு விரல் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாலத்தை அடைத்தார்கள். ஆலைக்குப் போகிற கரும்பு ஆறு கிலோமீட்டர் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாய்க்காலில் போட்ட பனைமரத்தின் மேல் நடந்து போனார்கள்.

துறை சுப்புராயனைக் கூப்பிட்டுப் பாலத்தைத் திரும்பக் கட்டித் தரச் சொன்னது. அவர் மறுத்தார். வெள்ளத்துக்கு யார் பொறுப்பு என்றார். அவருடைய வேறொரு வேலையின் பில்லிலிருந்து துறை அந்தச் செலவுக்கான தொகையைப் பிடித்து வைக்கவும், ஒப்பந்தத்தில் உள்ளபடி, கோர்ட்டுக்குப் பதில் நடுவர் தீர்த்துவைக்கும் ஆர்பிட்ரேஷனுக்கு அவர் போனார். ஓய்வு பெற்ற ஒரு மாவட்ட நீதிபதியை நடுவராகப் போட்டார்கள். அங்கே சுப்புராயனின் வக்கீல் வைத்த வாதம் எளிமையானது. வேலையைப் பார்த்தீர்கள், கியூப் முடிவைப் பார்த்தீர்கள், திருப்தி என்று கையெழுத்துப் போட்டீர்கள், டெபாசிட்டையும் திருப்பிக் கொடுத்தீர்கள். குறை சொல்லும் உரிமையை அன்றைக்கே விட்டுக்கொடுத்துவிட்டு இன்றைக்கு வந்து கேட்க முடியாது.

துறையில் அப்போது வெண்ணிலா என்ற இளநிலைப் பொறியாளர் புதிதாக மாற்றலாகி வந்திருந்தாள். பாலம் கட்டியபோது இருந்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் விட்டுப்போன கோப்புக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது கியூப் ரிஜிஸ்டரில் எல்லாப் பக்கத்திலும் ஒரே கையெழுத்து இருப்பதைப் பார்த்தாள். பொறியாளர்களின் கிறுக்கலுக்கு நடுவில் தெளிவான தமிழில் ஒரு பெண்ணின் பெயர். விசாரித்துக்கொண்டு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்கூட்டியில் செலியமேட்டுக்கு வந்தாள்.

தனக்கொடி டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு துணி துவைத்துக்கொண்டிருந்தாள். வெண்ணிலா தான் யார் என்று சொல்லி, அந்த வாய்க்கால் பாலத்தைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றாள். தனக்கொடி கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலி எடுத்துவரப் போனாள். அதற்குள் வெண்ணிலாவின் கண் டிரம்முக்குக் கீழே போய்விட்டது. குனிந்து பார்த்தாள். மூலை உதிர்ந்த மூன்று கட்டிகள். ஒன்றின் மேல்முகம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது, அதில் 12.3.22 என்று கீறியிருந்தது. ரிஜிஸ்டரை அவள் மனப்பாடமாகப் படித்திருந்தாள். 12.3.22 தேதியிட்ட மூன்று கட்டிகள் பரிசோதனைக் கூடத்தில் நசுக்கப்பட்டுத் தேறிவிட்டன. நசுங்கிப்போன கட்டி இங்கே டிரம்முக்கு அடியில் எப்படி இருக்கும்?

“இது எங்கேருந்துக்கா வந்துச்சு?” என்று கேட்டாள்.

நாற்காலியோடு வந்த தனக்கொடி அங்கேயே நின்றாள். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். தேதியை யாரோ கீறியது என்றும் சொல்லியிருக்கலாம். மூன்று வருஷமாக அந்தப் பாலத்தைக் கடக்கிற போதெல்லாம் அவள் மனதில் ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது, அது வெளியே வர அன்றைக்கு இடம் கிடைத்தது போலிருந்தது. “அது பாலத்து கலவை மேடம். நீங்க டெஸ்ட் பண்ணது வேற கலவை” என்றாள். பிறகு நாற்காலியைப் போட்டு, உட்காரச் சொல்லி, முதலிலிருந்து சொன்னாள்.

இருசப்பன் மத்தியானம் வந்ததும் அவரிடமும் சொன்னாள். அவர் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவர். அந்தப் பாலத்தில் எத்தனையோ முறை பாரம் ஏற்றிப் போனவர். சாப்பிட்டு முடித்தார். பிறகு, “என்னாண்டகூட சொல்லலியே” என்றார். அது ஒன்றுதான் அவர் கேட்டது. கோர்ட்டு மாதிரி ஓர் இடத்துக்கு வந்து சொல்லச் சொல்கிறார்கள் என்றாள். சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம், ஆனால் சொல்வதாயிருந்தால் பாதி சொல்லிப் பாதியை மறைக்காதே, மாட்டிக்கொள்வாய் என்றார் அவர்.

செய்தி பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. முதலில் வந்தவள் பக்கத்து வீட்டுத் தேவி. இருபது வருஷமாகத் தனக்கொடியோடு ஒரே வேனில் போய் வந்தவள். சுப்புராயன் ஒருவர் கெட்டுப்போனால் இருபது குடும்பத்துக்கு வேலை போகும், உனக்கு மட்டும் என்ன வந்தது என்று கேட்டாள். தனக்கொடி மறுக்கவில்லை. நீ சொல்வது நிஜம்தான் என்றாள். தேவிக்கு அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அடுத்த வாரத்திலிருந்து வேன் அவள் வீட்டு முன்னால் நிற்கவில்லை.

அப்புறம் பாக்யராஜ் வந்தான். அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. போன வருஷம்தான் கல்யாணமாகி, வில்லியனூரில் வாடகை வீட்டில் இருந்தான். அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கையெழுத்து மட்டும் போட்டேன், எந்தக் கலவை என்று எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும், அவளுக்கும் ஆபத்து இல்லை, தனக்கும் இல்லை என்று அவன் மெதுவாக எடுத்துச் சொன்னான்.

“தம்பி, நீ சொன்னது இன்னா, நான் செஞ்சது இன்னா, ரெண்டத்தையும் சொல்லப்போறேன்” என்றாள் தனக்கொடி. “அங்க வந்துதான் தெரியணும்னு இல்ல, இப்பவே தெரிஞ்சிக்க. நீ செய்யாத எதையும் உன் மேல போட மாட்டேன்.”

அவன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.

துறையின் வக்கீல் அரிகரன் புதுச்சேரியில் தன் அலுவலகத்தில் அவளை உட்காரவைத்து வாக்குமூலம் எழுதினார். வழக்கு எதைப் பற்றியது என்று அவளுக்குப் புரியும்படி சொன்னார். “ஒருத்தர் தெரிஞ்சே ஒண்ண விட்டுக்குடுத்தா அது விட்டுக்குடுத்ததும்மா. ஏமாத்தி வாங்கினா அது விட்டுக்குடுத்ததே இல்ல. துறைக்கு விஷயம் தெரியாதுன்னு நாம காட்டணும். அதைச் சொல்ல உங்கள விட்டா ஆள் இல்ல.”

எழுதி முடித்ததை அவர் படித்துக் காட்டினார். அதில் ஓரிடத்தில், எந்தக் கலவை என்று அறியாமல் சூப்பர்வைசர் சொன்னபடி கையெழுத்திட்டேன் என்று இருந்தது. அவளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் அவர் அப்படி எழுதியிருந்தார். தனக்கொடி கையை நீட்டி நிறுத்தினாள்.

“அது இல்ல சார். தெரிஞ்சிதான் போட்டேன்.”

அப்படிச் சொன்னால் அவளையும் மோசடியில் சேர்க்க வாய்ப்பு உண்டு என்றார் அரிகரன். போலீஸ் வருமா என்று கேட்டாள். வராது என்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றார் அவர், உள்ளபடியே. அவள் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். பிறகு, தெரியாமல் போட்டேன் என்றால், தெரியாதவள் சொல்வதை எப்படி நம்புவார்கள் என்று கேட்டாள். அரிகரன் பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினார்.

விசாரணை ஜூலையில் நடந்தது. கோர்ட்டு என்று பயந்து போனவளுக்கு அது ஒரு நீளமான மேசை போட்ட ஏசி ரூமாக இருந்ததில் ஆச்சரியம். மேசையின் தலைப்பக்கம் நடுவர், வெள்ளை முழுக்கைச் சட்டை போட்ட எழுபது வயதுக்காரர். ஒரு பக்கம் சுப்புராயனும் அவருடைய வக்கீலும். எதிரே அரிகரனும் வெண்ணிலாவும். மேசை மேல் செய்தித்தாளை விரித்து அந்த மூன்று கட்டிகளையும் வைத்திருந்தார்கள். சுப்புராயன் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். அவளும் கும்பிட்டாள். இருபது வருஷச் சோறு அவர் கொடுத்தது என்ற நினைப்பு அவளை விடவில்லை.

சுப்புராயனின் வக்கீல் முதலில் அவள் படிப்பைக் கேட்டார். ஐந்தாவது என்றாள். ஐந்தாவது படித்தவருக்குக் கான்கிரீட்டின் தரம் எப்படித் தெரியும் என்றார். அச்சைக் கழற்றும்போது தெரியும் என்றாள். கியூப் எப்படிப் போடுவது என்று சொல்லச் சொன்னார். அவள் கையால் காற்றில் அச்சு வைத்து, மூன்று அடுக்கு, அடுக்குக்கு முப்பத்தைந்து குத்து, ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும், மேல் அடுக்கைக் குத்தும்போது கம்பி கீழ் அடுக்கைக் கொஞ்சம் தொட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனாள். நடுவர் வெண்ணிலாவைப் பார்த்தார். வெண்ணிலா, புத்தகத்தில் அப்படியேதான் இருக்கிறது என்றாள்.

வக்கீல் கட்டிகளின் பக்கம் திரும்பினார். இந்தத் தேதியை யாரும் எப்போதும் கீறலாமே, போன மாதம் கீறியதாகக்கூட இருக்கலாமே என்றார். தனக்கொடி நடுவரைப் பார்த்து, “விரல வச்சிப் பாருங்க சார். ஈரத்துல கீறினா ஓரம் மேல எழும்பி நிக்கும். காஞ்சப்புறம் கீறினா சில்லு பேந்துகினு வரும்” என்றாள். நடுவர் எழுந்து வந்து அந்த எண்களின் மேல் விரலை ஓட்டினார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். போய் உட்கார்ந்து எதையோ குறித்துக்கொண்டார்.

வக்கீலின் குரல் கொஞ்சம் ஏறியது. அப்படியானால் பொய்யான கியூபைச் செய்து, பொய்த் தேதி போட்டு, ரிஜிஸ்டரில் கையெழுத்தும் போட்டவர் நீங்கள்தானே என்றார்.

“ஆமா சார். என் கையாலதான் செஞ்சேன்.”

“மூணு வருஷமா ஏன் சொல்லல?”

“யாரும் கேக்கல” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். கொஞ்சம் யோசித்து, “கேட்டிருந்தாலும் அப்ப சொல்லியிருக்க மாட்டேன். வேலை பூடும்னு பயம்” என்றாள்.

வக்கீல் தாளைப் புரட்டிவிட்டு, தன்னிடம் மிச்சமிருந்த கேள்வியை எடுத்தார். கியூப் வார்க்கும்போது துறையின் பொறியாளர் உடன் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்கிறது, அவர் இருந்தாரா என்றார். அரிகரனின் முகம் மாறியதை வெண்ணிலா கவனித்தாள். இந்தக் கேள்விக்கு வரும் பதில் துறைக்கு ஆகாது என்று இருவருக்கும் தெரியும். முந்தின நாளே அதைப் பற்றி அவளிடம் பேசலாமா என்று அரிகரன் யோசித்து, சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டார்.

“மாசத்துக்கு ஒரு தபா வருவாரு” என்றாள் தனக்கொடி. “கியூப் போடற அன்னிக்கு ஒரு நாளும் வந்ததில்ல. வந்திருந்தா நாங்க ரெண்டாவது கலவை போட்டிருக்க முடியாது.”

வக்கீல் அதைப் பிடித்துக்கொண்டார். கூட இருந்து பார்க்கும் உரிமையையே துறை வேண்டாமென்று விட்டுவிட்டது, அதற்கு மேல் யாரை ஏமாற்றுவது என்றார். வாதம் அன்று மாலை வரை போயிற்று. தனக்கொடியை மூன்று மணிக்கே அனுப்பிவிட்டார்கள். அவள் பாகூர் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தாள்.

பின்னால் பாலத்தின் தளத்தில் ஐந்து இடத்தில் துளை போட்டுக் கான்கிரீட்டை உருளையாக எடுத்துச் சோதித்தார்கள். ரிஜிஸ்டரில் இருந்த பலத்தில் பாதிதான் வந்தது. வெள்ளம் பலத்தைப் பாதியாகக் குறைக்காது என்று நிபுணர் ஒருவர் எழுதிக் கொடுத்தார். பாக்யராஜைச் சாட்சிக்குக் கூப்பிடவே இல்லை, சுப்புராயனின் பக்கத்திலிருந்து.

தீர்ப்பு 2026 ஜனவரியில், பொங்கல் முடிந்து வந்தது. வெண்ணிலா அதை எடுத்துக்கொண்டு செலியமேட்டுக்கு வந்து, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லச் சொல்ல, தனக்கொடியும் இருசப்பனும் கேட்டார்கள். திருப்திச் சான்றும் டெபாசிட்டைத் திருப்பிக் கொடுத்ததும் செல்லாது. பொய்க் கியூபை நம்பிக் கொடுத்த சான்று எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. பாலத்தைத் திரும்பக் கட்டும் செலவை சுப்புராயன் தர வேண்டும். ஆனால் தன் ஆளை உடன் நிறுத்தாத துறையும் கால் பங்கை ஏற்க வேண்டும். அந்தக் கால் பங்கு தனக்கொடியின் வாயிலிருந்து வந்ததுதான் என்று வெண்ணிலா சிரித்துக்கொண்டே சொன்னாள். மேலதிகாரிக்கு அதில் கொஞ்சம் வருத்தம் என்றாள். தனக்கொடிக்குச் சிரிப்பு வரவில்லை, நிஜம்தானே என்றாள்.

“என் பேரு இருக்குதா அதுல?”

“இருக்கு. மூணாவது சாட்சி. உங்களப் பத்தி ஒரு பாராவே எழுதியிருக்கார்.” தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும், தன்னை அழைத்தவர்களுக்கே பாதகமாக இருந்தும், இந்தச் சாட்சி எதையும் மறைக்கவில்லை, அதனால் அவர் சொன்ன மீதியையும் நம்புகிறேன் என்று நடுவர் எழுதியிருந்ததை வெண்ணிலா இரண்டு முறை சொன்னாள். இருசப்பன் எழுந்து போய்க் கடையில் கலர் சோடா வாங்கிக்கொண்டு வந்தார்.

போலீஸ் வரவில்லை. ஆனால் வேலையும் வரவில்லை. விசாரணைக்கு முன்பிருந்தே வேன் நின்று போயிருந்தது. ஏழெட்டு மாதம் தனக்கொடி நூறு நாள் வேலைக்கும், கிடைத்தபோது கரும்புத் தோகை உரிக்கவும் போனாள். சுப்புராயன் கெட்டுப்போகவில்லை. சர்க்கார் வேலையை விட்டுத் தனியார் மனைகளில் வீடு கட்டினார். செலியமேட்டுப் பெண்களில் பாதிப் பேர் அவரோடு போனார்கள், மீதிப் பேர் வேறு மேஸ்திரி பார்த்துக்கொண்டார்கள். தேவி அந்த மீதியில் ஒருத்தி. ஆறு மாதம் முகம் கொடுக்காதவள் ஒரு நாள் ரேஷன் கடை வரிசையில் முன்னால் நின்றுகொண்டு, திரும்பிப் பார்க்காமலே, “வில்லியனூர்ல ஒரு பெரிய வேலை நடக்குது, ஆள் எடுக்கறாங்க” என்றாள். தனக்கொடி மறுநாளே போனாள்.

அது ஒரு மருத்துவமனைக் கட்டடம். அங்கிருந்த இன்ஜினியர் அவள் பெயரைக் கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார். அந்தத் தனக்கொடியா என்றார். வேலை இல்லை என்று சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு நின்றாள். நாளைக்குக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார். வந்ததும் கியூப் ரிஜிஸ்டரை அவள் முன்னால் வைத்தார். அவள் தொடவில்லை. எந்தச் சட்டியிலிருந்து எடுக்கிறது என்று நான்தான் சொல்வேன், அது சரியென்றால் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். அவர் சிரித்துவிட்டுச் சரி என்றார்.

பாக்யராஜை ஒரு முறை பாகூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தாள். வேலை போய், கடலூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்திருந்தான். முதலில் பார்க்காதது போல நின்றவன், பஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து, பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்று மட்டும் சொன்னான். பேர் என்ன என்று கேட்பதற்குள் பஸ்ஸில் ஏறிவிட்டான். தனக்கொடிக்கு அது வெகு நாள் மனதில் கிடந்தது.

வாய்க்கால் பாலம் மே மாதத்தில் எழும்பியது. மேல்தளம் கான்கிரீட் போடுகிற அன்று வந்து பார்க்கும்படி வெண்ணிலா போன் செய்தாள். அன்றைக்கு வில்லியனூரிலும் இரண்டாம் மாடிக்குக் கான்கிரீட். கட்டி வார்க்க வேறு ஆள் இல்லை, வர முடியாது என்று சொல்லிவிட்டாள். இருசப்பன் போய்ப் பார்த்துவிட்டு வந்து, ரோட்டில் நின்று பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது, துறை ஆள் காலையிலிருந்து சாயந்திரம் வரை குடை பிடித்துக்கொண்டு நின்றான் என்றார்.

“எத்தினி நாளு தண்ணி கட்டப்போறாங்களாம்?” என்று கேட்டாள் தனக்கொடி.

அது அவருக்குத் தெரியவில்லை. வெயில் உச்சத்தில் இருக்கிறது, தளத்தின் மேல் தண்ணீர் தேக்கி வைப்பதை ஒரு வாரத்தோடு விட்டுவிட்டால் மேலே வெடிப்பு விடும் என்றாள். சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கிவிட்டு, செல்லை எடுத்து வெண்ணிலாவுக்குப் போன் போட்டாள்.